துண்டுக்குள் எத்தனை விரல்

எங்கள் ஊருக்கு வருகிறவர்களை மலை வரவேற்கிறது என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதி நான் பரிசு வாங்கியிருக்கிறேன். பொய். போடிக்கு வருகிறவர்களை வரவேற்பது இரண்டு சிமெண்டு ஆண்கள். பஸ் திரும்புகிற நாற்சந்தியில், ஆளுயரத்துக்கு ஒன்றரைப் பங்கு பெரிதாக, ஏலக்காய் மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் முகம் குரங்கணி மலைப் பக்கம், மற்றவர் முகம் ரயிலடிப் பக்கம். பார்த்தால் ஜென்மப் பகை என்று தோன்றும். ஆனால் இரண்டு பேருடைய வலது கைகளும் நடுவில் ஒரு துண்டுக்குள் போகின்றன. துண்டும் சிமெண்டுதான், அதற்கு மட்டும் கிளிப்பச்சை வர்ணம்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் பஸ் கிளம்பிவிடும். எங்கள் ஊரில் ஏலக்காயை வாயால் விலை பேசுவதில்லை. விற்கிறவரும் வாங்குகிறவரும் கை கொடுத்துக்கொண்டு மேலே துண்டைப் போட்டுக்கொள்வார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அத்தனை. அது பத்தா நூறா என்பது அவர்களுக்குத் தெரியும். ஒத்துக்கொண்டால் உள்ளங்கையில் ஓர் அழுத்து. இல்லையென்றால் கையை உருவிக்கொள்ள வேண்டியதுதான். சுற்றி நிற்கிற இருபது பேருக்கும் ஒன்றும் தெரியக்கூடாது என்பதால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, மழையைப் பற்றியோ மகன் படிப்பைப் பற்றியோ சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். இப்படிப்பட்ட ரகசியத்தை நடுத்தெருவில் சிலையாக வைக்கலாம் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ தெரியாது. ஏலக்காயை வாங்குகிற மண்டிக்காரர்களும் மலையில் விளைவித்து விற்கிற தோட்டக்காரர்களும் சேர்ந்து கமிட்டி போட்டார்கள். அதில் என் அப்பாவும் ஒருவர். மண்டிக்காரர்.

சிலை செய்ய வந்தவர் கோயில் கோபுரங்களில் சுதை வேலை செய்கிறவர். அவருக்குத் தெரிந்த ஆண்கள் எல்லாரும் வாசல் காக்கிற பூதங்கள். அதனால் எங்கள் வியாபாரிகளுக்கும் முழி பிதுங்கி, மீசை காதுவரை போய்விட்டது. கோரைப்பல்லை மட்டும் கமிட்டி கெஞ்சிக் கேட்டுத் தட்டி எடுக்கச் செய்தது. தட்டிய இடத்தில் பூசிய சிமெண்டு கொஞ்சம் உப்பிக்கொண்டதால் குரங்கணியைப் பார்க்கிறவருக்கு நிரந்தரமாகப் பல்வலி. மூட்டைகள் பூசணிக்காய் ஆகிவிட்டன. இதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சண்டை வந்தது அவர் கேட்ட ஒரே ஒரு கேள்வியில்தான்.

"அய்யா, உள்ள எத்தன வெரல்?"

தோட்டக்காரர்கள் நாலு என்றார்கள். மண்டிக்காரர்கள் மூன்று என்றார்கள். நடுத்தெருவில் சிமெண்டில் நாலு என்று நின்றுவிட்டால் மலையிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவரும் அதைக் காட்டியே நாலு கேட்பார்கள் என்று இவர்களுக்குப் பயம். மூன்று என்று நின்றுவிட்டால் காலத்துக்கும் மூன்றுதான் என்று அவர்களுக்குப் பயம். ஒரு மாதம் பேசினார்கள். சுதைக்காரர் சத்திரத்தில் படுத்துச் சாப்பிட்டுக் கொஞ்சம் சதை போட்டார். கடைசியில், "எத்தனையாவது வையி, துண்டப் போட்டு மூடிரு, ஒருத்தனுக்கும் தெரியப்படாது" என்று தீர்மானம் ஆனது. அவர் மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

போகும்போது ஓர் உபகாரம் செய்திருந்தார். மழைத் தண்ணீர் தங்காமல் வடிய, துண்டுக்கு அடியில் ஒரு துளை. கோபுர வேலையில் அப்படி விடுவது வழக்கமாம். சரியாக ஓர் ஆளின் கை நுழைகிற துளை.

அப்புறம் என்ன, ஊரில் மீசை முளைத்த அத்தனை பேரும் கையை விட்டுப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு இறங்கும்போது ஒவ்வொருவர் முகத்திலும் பெரிய கொள்முதல் முடித்த களை. "எத்தன?" என்று கேட்டால் தோட்டக்காரர் நாலு என்பார், மண்டிக்காரர் மூன்று என்பார். என் அப்பா மூன்று. குரங்கணிக்கு மேலே தோட்டம் வைத்திருக்கிற என் தாய்மாமா நாலு. இரண்டு பேரும் இதைச் சொல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு வேளை சோறு தின்றதில்லை.

"மச்சான், கட்டவெரல விட்டுட்டு எண்ணியிருப்பீக."

"நீ ஒன் வெரலயும் சேத்து எண்ணியிருப்ப மாப்ளே."

இந்த வம்பு என் தலையில் வந்து விடிந்ததற்குக் காரணம் ஒரு தபால் கார்டு. பத்தாவது முடித்துவிட்டு ஒரு வருஷமாக நான் வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்றால், ஏலக்காய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டும், பொட்டலம் கட்டி வருகிற பழைய பேப்பரைப் பிரித்து ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டும் இருந்தேன். பேப்பரில் பாதிக் கதைதான் இருக்கும். மீதிக் கதை வேறு யார் வீட்டுப் பருப்பையோ சுற்றிக்கொண்டு போயிருக்கும். அந்த ஆத்திரத்திலேயே எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். என் பழைய டீச்சர்தான் மதுரையில் ஆசிரியைப் பயிற்சிக்கு மனுப் போடச் சொல்லி, அவரே எழுதியும் கொடுத்தார். இடம் கிடைத்துவிட்டது. இரண்டு வருஷம், தங்கிப் படிக்க வேண்டும். தகப்பனார் கையெழுத்துப் போட்ட சம்மதப் பாரத்தோடு வந்து சேரவும் என்று கார்டு வந்தது.

அப்பா அதை இரண்டு பக்கமும் படித்தார். "பாப்போம் ஆத்தா" என்றார்.

வியாபாரி மகளுக்குப் "பாப்போம்" என்றால் என்ன என்று தெரியும். வேறு யாரோ ஏற்கெனவே விலை கேட்டிருக்கிறார்கள். யார் என்பதும் தெரியும். மாமாவுக்கு ஒரு மகன். தோட்டத்து ஜீப்பை ஓட்டுவான்; ஓட்டாத நேரத்தில் அதற்கு அடியில் படுத்திருப்பான். என்னிடம் அவன் பேசிய நீளமான வாக்கியம், "அந்த ஸ்பானரக் கொண்டா." கெட்டவன் இல்லை. ஆனால் அவனைக் கட்டிக்கொண்டு மலைமேல் போனால் பொட்டலப் பேப்பர்கூடக் கிடைக்காது.

கார்டு வந்த வாரத்திலிருந்து மாமா அடிக்கடி இறங்கிவர ஆரம்பித்தார். சாப்பிட்டதும் அப்பாவும் அவரும் முன்னறைப் பெஞ்சில் உட்காருவார்கள். கை கொடுத்துக்கொள்வார்கள். மேலே துண்டு விழும். அப்பா சுவரைப் பார்ப்பார். மாமா வாசலைப் பார்ப்பார்.

"மேல மழ எப்பிடி மாப்ளே?"

"சாரல்தான் மச்சான். சொல்லிக்கிற மாதிரி இல்ல."

இதையே அரைமணி நேரம் பேசுவார்கள். அந்த வருஷம் சாரலைப் பற்றி அவ்வளவு பேச ஒன்றுமே இல்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று துண்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். அது லேசாக அசையும்போதெல்லாம் நான் ஒரு கணக்குப் போடுவேன். இந்த ஆவணியா, அடுத்த தையா? எத்தனை பவுன்? எந்த விரல் நான்?

"என்னம்மா பேசுறாக?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"மழயப் பத்தி" என்றாள் அம்மா. இருபது வருஷக் குடித்தனம் அவளுக்கு நல்ல பயிற்சி கொடுத்திருந்தது.

சேர வேண்டிய நாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது டீச்சரே வீட்டுக்கு வந்துவிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். மெலிந்த உடம்பு, கனத்த கண்ணாடி, எதையும் சுற்றிவளைக்கத் தெரியாத வாய். "நான் வியாழக்கிழமை ரயிலில் மதுரைக்குப் போகிறேன். இவளையும் கூட்டிக்கொண்டு போகிறேன். பாரத்தில் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்" என்று அப்பாவிடம் நின்றபடியே சொன்னார். ஒரே மூச்சில் இத்தனை உண்மை சொன்ன ஆளை அப்பா மண்டியில் பார்த்திருக்க மாட்டார்.

"அதுக்கென்ன டீச்சரம்மா, பேசுவோம். வெயில்ல வந்திருக்கீக. நம்ம ஊரு செலயப் பாத்தீகளா? இன்னும் பாக்கலயா! ஆத்தா, டீச்சரக் கூட்டிட்டுப் போயிக் காட்டிட்டு வா. நான் ஒரு சின்ன சோலிய முடிச்சிட்டு வந்துர்றேன்."

வெயிலில் வந்தவரை மறுபடியும் வெயிலில் அனுப்புவது எங்கள் ஊர் உபசாரம். நாங்கள் போனோம்.

சாப்பாட்டு நேரம். மண்டிகளில் ஆட்கள் கல்லாப் பெட்டியில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தெரு முழுக்க ஏலக்காய் வாசனை. எங்களுக்கு அது வாசனையாகத் தெரிவதில்லை, டீச்சர்தான் இரண்டு முறை தும்மினார். நாற்சந்தியில் டீக்கடைக்காரர் ஒருவர்தான் விழித்திருந்தார்.

தெருவில்கூடப் புத்தகத்தை விட்டுத் தலையைத் தூக்காத டீச்சர் அன்றைக்குத்தான் சிலையைப் பார்த்து ஒரு சுற்றுச் சுற்றினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு சுற்றும் வந்தார்.

"இவர் வைத்தியரா?"

"இல்லை டீச்சர், வியாபாரி."

"நாடி பார்க்கிற மாதிரி இருக்கிறதே. அவருக்குப் பல்வலி போல."

நான் துண்டைப் பற்றியும் விரலைப் பற்றியும் மூன்று நாலு சண்டையைப் பற்றியும் மூச்சுவிடாமல் சொன்னேன். போன வாரத்திலிருந்து அந்தச் சண்டை முற்றி, துண்டை உடைத்தே பார்த்துவிடலாம் என்று தோட்டக்காரர்கள் சொல்வதையும், வெள்ளிக்கிழமை அதற்காகக் கமிட்டி கூடப்போவதையும் சொன்னேன். டீச்சர் கேட்டுக்கொண்டே வந்து, "நீ எத்தனை என்றாய்?" என்றார்.

"நானா? பொம்பளைகள் யாரும் கையை விட்டதில்லை டீச்சர்."

"ஏன், உள்ளே கடிக்குமா?"

கேட்டது அவ்வளவுதான். நான் பாவாடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பூசணிக்காய்மேல் ஏறிவிட்டேன்.

"ஏ ஆத்தா! தேளு கெடக்கப்போவுது!" என்று டீக்கடைக்காரர் கத்தினார். அவர் வடிகட்டியைப் போட்டுவிட்டு வருவதற்குள் என் கை முழங்கைவரை உள்ளே போய்விட்டது.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. முதலில் ஒரு பீடித்துண்டு, அப்புறம் ஒட்டடை. பிறகு சிமெண்டு விரல் நுனிகள் கிடைத்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. எல்லாம் ஒரே கைக்குரியவை. நேராக நீட்டியிருந்தன. அவற்றை யாரும் பிடித்திருக்கவில்லை. இன்னும் உள்ளே துழாவினேன். எதிர்க் கை கிடைத்தது. அதுவும் ஐந்து விரலையும் நீட்டிக்கொண்டு நின்றது. இரண்டுக்கும் நடுவில் என் கை தாராளமாகப் போய்வர இடம் இருந்தது. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. கைகள் தொட்டுக்கொள்ளவே இல்லை.

பாவம் சுதைக்காரர். எத்தனை விரல் என்று கேட்டார், யாரும் சொல்லவில்லை. சொல்லாததை அவர் செய்யவில்லை.

நான் பூசணிக்காய்மேல் நின்றபடியே சிரிக்க ஆரம்பித்தேன். ஊரில் எத்தனை பேர் இதற்குள் கையை விட்டிருப்பார்கள்! அத்தனை பேரும் இதே இடைவெளியைத் தடவிவிட்டு, இதே பூசணிக்காயிலிருந்து இறங்கி, மூன்று என்றும் நாலு என்றும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறார்கள். உண்மையைச் சொல்ல ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. என் அப்பா. என் மாமா. அதோ, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே வந்து நிற்கிற டீக்கடைக்காரர்.

"எத்தன ஆத்தா?" என்றார் அவர். கேட்டவர், நான் பதில் சொல்வதற்குள் பதறிப்போய்க் கையை ஆட்டினார். "வேணாம், வேணாம், சொல்லாத. ஒங்க அப்பாருகிட்ட மட்டும் சொல்லு. வெரசா எறங்கு."

வீட்டுக்கு வந்ததும் டீச்சரை அம்மா காப்பிக்கு உள்ளே அழைத்துப் போனாள். அப்பா பெஞ்சில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன சோலி அதுதான் போலிருக்கிறது. நான் பாரத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு போய் முன்னால் நின்றேன்.

"செல பாத்தாகளா டீச்சர்?"

"பாத்தாக. நான் கைய விட்டுப் பாத்தேன்ப்பா."

பேப்பர் இறங்கியது.

"கை தொடவே இல்லியேப்பா."

அப்பா முதலில் உள்வாசலைப் பார்த்தார், அப்புறம் தெருவைப் பார்த்தார். "மெதுவாப் பேசு. வேற யாருக்குத் தெரியும்? டீச்சருக்கு?"

"அவுக கைய விடல."

"டீக்கடைக்காரன்?"

"அவருக்கு முன்னாடியே தெரியும்போல."

அப்பா தாடையைத் தடவினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். தப்புச் செய்து பிடிபட்ட பையன் மாதிரி குரலைத் தாழ்த்தினார். "பின்ன என்னத்தச் சொல்லச் சொல்ற? வெல படியலன்னா? ஊருக்கு நடுவுல, வெல படியாத வேவாரத்த ஒண்ணர ஆள் ஒசரத்துக்குக் கட்டி வச்சிருக்கோம்னா? காலங்காத்தால அது மூஞ்சிலதான் முழிச்சு மண்டி தொறக்குறோம். வெளங்குமா? எவனாச்சும் வாயத் தொறந்தா அன்னிக்கே இடிச்சிருவாங்கெ. செலவு பண்ணதெல்லாம் மண்ணு."

அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. இத்தனை பேரும் தனித்தனியாகப் பொய் சொல்லவில்லை. ஊரே கூடி ஒரு பேச்சுக்கூடப் பேசாமல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறது. சண்டை போட்டுக்கொள்கிறவரை வியாபாரம் நடப்பதாக அர்த்தம். வெள்ளிக்கிழமை கமிட்டியில் துண்டை உடைக்கலாமா என்று ஆவேசமாகப் பேசுவார்கள், அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பார்கள், போண்டா தின்றுவிட்டுக் கலைவார்கள்.

எனக்கு இன்னொன்றும் தோன்றியது. கேட்டே விட்டேன்.

"மாமாவும் நீங்களும் இந்தப் பெஞ்சுல ஒக்காந்து துண்டப் போட்டுக்கிட்டு என்னப்பா பேசுனீக?"

"என்ன பேசுனோம். கையப் பிடிச்சான். பிடிச்சிக்கிட்டே இருந்தான். நானும் குடுத்துட்டு ஒக்காந்திருந்தேன்."

"எத்தன வெரல்?"

"ஒண்ணும் இல்லத்தா. அவனா ஆரம்பிக்கட்டும்னு நான் இருந்தேன். நானா சொல்லட்டும்னு அவன் இருந்தான். மழயப் பேசுனோம்."

ஒரு மாதமாக நான் கதவுக்குப் பின்னால் நின்று கணக்குப் போட்டதெல்லாம் இதற்குத்தான்.

பாரத்தை அவர் மடியில் வைத்தேன். "டீச்சர் கேட்டா நான் என்ன சொல்ல? அவுகளுக்குப் பொய் சொல்ல வராது. எங்கிட்ட எத்தனன்னு கேட்டுட்டே வந்தாக. இன்னும் நான் சொல்லல." நான் மிரட்டவில்லை. டீச்சர் வழியில் உண்மையாகவே இரண்டு தடவை கேட்டார். அப்பாவுக்கு அது எப்படிக் கேட்டது என்று நான் எப்படிச் சொல்ல முடியும்?

அவர் பாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சரக்கை முகர்ந்து பார்க்கும்போது மண்டியில் எப்படிப் பார்ப்பாரோ அப்படி.

"மதுரயில எத்தன வருசம்?"

"ரெண்டு."

"ஒரு வருசத்துல முடியாதா?"

"முடியாது."

"லீவுக்கு வரணும்."

"வர்றேன்."

"ஒன் மாமங்காரன் கேட்டா?"

"நீங்கதான் சொல்லணும்."

பேனாவை வாங்கி உதறிவிட்டு, மண்டிச் சீட்டில் போடுகிற மாதிரியே ஒரு சுழி சுழித்துக் கையெழுத்துப் போட்டார். என்னிடம் கொடுக்கும்போது காகிதத்தின் மறுமுனையை விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னார்: "யாரு கேட்டாலும் மூணு. தெரியுதா? மூணு."

வியாழக்கிழமை ரயிலடிக்கு மாமா வந்திருந்தார். தோட்டத்திலிருந்து லோடு இறக்க வந்ததாகச் சொன்னார். ரயிலடியில் அன்று இறக்குவதற்கு லோடே இல்லை. அப்பா டிக்கெட்டைப் பார்க்கிற சாக்கில் தள்ளிப்போய் நின்றுகொண்டார். டீச்சர் ஏற்கெனவே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார்.

மாமா எனக்கு முன்னால் வந்து நின்றார். அவர் என்ன கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். அவர் மகனுக்கு என்ன குறை என்று கேட்பார். அதற்குப் பதில் யோசித்து வைத்திருந்தேன், நல்ல பதில், மனப்பாடமே செய்து வைத்திருந்தேன்.

"ஏத்தா, நீயும் கைய விட்டியாமுல்ல?" என்றார் சத்தமாக. பக்கத்தில் மூட்டையோடு நின்ற நாலைந்து பேர் திரும்பினார்கள். அதில் இரண்டு பேர் தோட்டக்காரர்கள், ஒருவர் எதிர் மண்டிக்காரர்.

"ஆமா மாமா."

"எத்தன?"

மகனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னை மலைமேல் கொண்டுபோவதும் விடுவதும் இந்த ஒரு கேள்விக்குள்தான் இருந்தது. இருக்கிறதைச் சொல்லிவிட்டால் சிலையும் போகும், அப்பா பேச்சும் போகும், "இப்பிடிப்பட்ட புள்ளயவா மதுரைக்கு அனுப்புறீக" என்று அங்கேயே என் பெட்டியை இறக்கியும் விடலாம். நாலு என்றால் மாமாவுக்குச் சந்தோஷம், அப்பா முகம் போய்விடும். மாமா கண்ணைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் தெரியும். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அப்படி ஒரு முகத்தை வைத்துக்கொள்ள எத்தனை வருஷம் பழகியிருக்க வேண்டும்!

"மூணு மாமா" என்றேன். என் முகமும் பரவாயில்லை என்றுதான் நினைக்கிறேன்.

எதிர் மண்டிக்காரர் திருப்தியாகச் செருமினார். மாமா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். வருத்தமா, மெச்சலா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

"அப்பன் மகதான?" என்று நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார். "மண்டிக்காரன் வீட்டுப் புள்ளைக்கு மூணுதான் தட்டுப்படும். நல்லா நாலு வெரலு. நான் என் கையால தொட்டேன்." பிறகு குனிந்து என் பெட்டியைத் தூக்கி வண்டிக்குள் வைத்துவிட்டு, டீச்சர் பக்கம் திரும்பி, "டீச்சரம்மா, இவளுக்கு மொதல்ல கணக்குச் சொல்லிக்குடுங்க" என்றார்.

"கணக்கில் இவள் நன்றாகத்தான் இருந்தாள்" என்றார் டீச்சர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, மிகவும் கவலையாக.